பனிச்சரிவு பீக்கன்: புதையுண்ட துணையைத் தேடும் கருவி

பனிச்சரிவு பீக்கன் என்பது உள்ளங்கையில் அடங்கும், ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள ஒரு ரேடியோ கருவி. பனிமலையில் ஸ்கீ செல்பவர்களும் மலையேறுபவர்களும் அதை மேல்கோட்டுக்கு உள்ளே, மார்பை ஒட்டி வார்ப்பட்டையில் கட்டிக்கொள்கிறார்கள். காலையில் போட்டால் மாலை வரை அது 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாகத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். குழுவில் ஒருவர் பனிச்சரிவில் புதைந்துவிட்டால், மேலே தப்பி நிற்பவர்கள் தங்கள் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பின்தொடர்ந்து போகிறார்கள். அனுப்புவதும் ஒரே கருவி, தேடுவதும் அதே கருவி. இடையில் செயற்கைக்கோளோ செல்போன் கோபுரமோ கிடையாது.

மீட்பை வெளியாட்களிடம் விடாமல் துணைவர்கள் கையில் கொடுத்ததற்குக் காரணம் நேரம். சுவிட்சர்லாந்து விபத்துகளை ஆராய்ந்து 1994இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, புதைந்த 15 நிமிடம் வரை 92 சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள், 35ஆவது நிமிடத்தில் அது 30 சதவீதமாகச் சரிகிறது என்று காட்டியது. சுவிஸ் தரவுகளை நாற்பது ஆண்டுகளுக்கு நீட்டித்து 2024இல் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. பிழைப்பு விகிதம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்பது முதல் 10 நிமிடம்தான், அரை மணி நேரத்தில் 31 சதவீதம் என்கிறது அது. கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, மூச்சுத்திணறல். ஹெலிகாப்டர் தளம் பக்கத்திலேயே இருக்கும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில்கூட மீட்புக் குழு 10 நிமிடத்தில் வந்து சேர்ந்து, தேடி, தோண்டி முடிப்பது அரிது. ஆகவே இந்தக் கருவியை எடைபோட ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு: பதறிப்போன ஒரு மனிதரின் கையில், கையுறையோடு, எத்தனை சீக்கிரம் வேலையை முடிக்கிறது? பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்ற எல்லாமே இதற்கு அடுத்ததுதான்.

முதல் பீக்கனை 1968இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வகத்தில் ஜான் லாட்டன் உருவாக்கினார். 1971இல் 'ஸ்காடி' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதன் அதிர்வெண் 2.275 கிலோஹெர்ட்ஸ். காதில் சிறு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, 'பீப்' ஒலி எந்தப் பக்கம் கூடுகிறது என்று கேட்டுக் கேட்டு நகர வேண்டும். சுவிஸ்காரர்கள் 457 கிலோஹெர்ட்ஸில் தனியாக ஒன்றைச் செய்தார்கள். ஒன்று அனுப்புவதை மற்றொன்று கேட்காது என்பதால், சில காலம் இரண்டு அதிர்வெண்ணிலும் இயங்கும் கருவிகள்கூட விற்றன. 1986இல் ஆல்பைன் மீட்புக்கான சர்வதேச அமைப்பு 457ஐ ஏற்றுக்கொண்டது, 1996இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பும் அதையே ஏற்றது. இன்று எந்த நிறுவனத்தின் பீக்கனும் மற்ற நிறுவனங்களின் பீக்கனைக் கண்டுபிடிக்கும். ஆப்பிள் போன் சார்ஜருக்கே பல ஆண்டுகள் சண்டை போட வேண்டியிருந்த மின்னணுச் சந்தையில் இது சாதாரண விஷயமல்ல.

அடுத்த பெரிய மாற்றம் 1997இல் வந்தது. கொலராடோவின் பேக்கன்ட்ரி ஆக்சஸ் நிறுவனம் 'டிராக்கர்' என்ற கருவியில் இரண்டு ஆன்டெனாக்களையும் ஒரு கணிப்பியையும் வைத்தது. காதுக்கு இருந்த வேலை கண்ணுக்கு மாறியது: திசையை விளக்கு காட்டும், தூரத்தை எண் காட்டும். பின்னர் மூன்றாவது ஆன்டெனா சேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல கருவிகள் எல்லாமே மூன்று ஆன்டெனா கொண்டவை.

மூன்று ஏன் வேண்டும் என்பது இயற்பியல் பாடம். 457 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 650 மீட்டருக்கு மேல். தேடுவதோ சில பத்து மீட்டருக்குள். அந்த நெருக்கத்தில் கருவி பிடிப்பது பரவிச் செல்லும் ரேடியோ அலையை அல்ல, ஆன்டெனாவைச் சுற்றி நிற்கும் காந்தப்புலத்தை. பள்ளிக்கூடத்தில் சட்டக் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூள் தூவினால் தெரியும் வளைகோடுகள்தான் பனிக்கு அடியிலும் இருக்கின்றன. தேடுபவரின் கருவி அந்தக் கோட்டின் திசையைத்தான் காட்டுகிறது. அதனால் அது நேர்வழியில் அல்லாமல் வளைந்த பாதையில் அழைத்துச் செல்கிறது. திரையில் 30 என்று வந்தால், கோட்டின் வழியே உத்தேசமாக அவ்வளவு தூரம் என்று பொருள், நேர்க்கோட்டில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் காந்தப்புலத்தின் வலிமை தூரத்தின் கனத்தில் குறைகிறது: தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் எட்டில் ஒரு பங்கு. 50 மீட்டர் எட்டும் கருவியை 100 மீட்டருக்குக் கொண்டுபோவது ஏன் இவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, சின்ன ஆன்டெனாவுக்கு வேலை கடைசி மூன்று மீட்டரில். புதைந்தவரின் கருவி செங்குத்தாக நின்றுவிட்டால், இரண்டு ஆன்டெனா கொண்ட கருவி உண்மையான இடத்துக்கு இருபுறமும் இரண்டு 'மிக அருகில்' புள்ளிகளைக் காட்டி ஏமாற்றும். மூன்றாவது ஆன்டெனா அந்தப் பொய்ப் புள்ளிகளை நீக்குகிறது.

பயிற்சிக்காகப் புதைத்த ஒரு பீக்கனைத் தேடும்போது கருவியின் குணம் முழுவதும் வெளியே வந்துவிடும். முதலில் வருவது ஒரு கசப்பான பாடம். தேடும் நிலைக்கு மாற்றியவுடன் திரையில் 4.0 என்று பளிச்சிடும், அம்பு உறுதியாக இடப்பக்கம் காட்டும். அங்கே நிற்பது புதைந்தவரல்ல, தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற மறந்த இன்னொரு துணைவர். மேலே இருக்கும் எல்லோருமே அனுப்புவதை நிறுத்த வேண்டும். இதைக் குழுத் தலைவர் சத்தமாகச் சொல்லி, ஒவ்வொருவரும் பதில் சொன்ன பிறகே நகர வேண்டும் என்பது பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது.

புதைந்தவரைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடல் தொடங்குகிறது. சிக்னல் கிடைக்கும் வரை சரிவைப் பட்டைகளாகப் பிரித்து நடக்க வேண்டும். பட்டையின் அகலம் பொதுவாக 40 அல்லது 50 மீட்டர், சில கருவிகளுக்கு 70. இந்தக் கட்டத்தில் கண்ணைத் திரையில் ஒட்டிவைப்பது வீண். பனிமேல் ஒரு கையுறையோ ஸ்கீயோ தெரிந்தால் அதுவே பெரிய துப்பு. சிக்னல் பிடித்ததும் ஓடலாம். எண் 38, 31, 24 என்று இறங்கினால் திசை சரி, ஏறினால் காந்தப்புலக் கோட்டில் எதிர்த்திசையில் போகிறோம் என்று பொருள், 180 பாகை திரும்ப வேண்டும். 10 மீட்டரில் வேகத்தைக் குறைக்க வேண்டும். 3 மீட்டரில் மண்டியிட வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் நிமிடங்களை இழக்கிறார்கள். கருவியைப் பனியின் மேற்பரப்பை உரசும்படி தாழ்த்தி, அதைத் திருப்பாமல், மெதுவாக ஒரே நேர்க்கோட்டில் நகர்த்த வேண்டும். 2.4, 1.9, 1.5, 1.3, மறுபடி 1.3, பிறகு 1.6. எண் ஏறியதும் நின்று, 1.3 வந்த இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து செங்கோணத்தில் இடமும் வலமும் அதேபோல் நகர்த்திப் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த எண் வந்த புள்ளியில் கையுறையால் ஓர் அடையாளம். பல கருவிகளில் இந்தக் கட்டத்தில் திசை அம்பு தானாகவே மறைந்துவிடும், மறையாத கருவியிலும் அதைப் பொருட்படுத்தக் கூடாது. பழக்கமில்லாதவர் செய்வது என்னவென்றால், கருவியை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு அம்பைத் துரத்திச் சுற்றிச் சுற்றி வருவது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியும் அவருக்கு உதவாது.

அதன்பின் பீக்கனின் வேலை முடிந்துவிடுகிறது. 'புரோப்' எனப்படும், மடக்கி வைக்கக்கூடிய மெல்லிய உலோகக் கோலை, சரிவுக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். படவில்லை என்றால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வடிவில் வெளிப்பக்கம் குத்திக்கொண்டே போக வேண்டும். உடலில் பட்ட குத்து கையில் தனியாகத் தெரியும்: பனியின் நறநறப்போ தரையின் கெட்டியோ இல்லாமல், லேசாகத் துள்ளும். கோலை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்தில், ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று தோண்டத் தொடங்க வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் மூச்சுவிடக் கிடைத்திருக்கும் சிறு இடமும் மிதிபட்டு அடைந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன் அளவுக்குப் பனியை அள்ள வேண்டியிருக்கும், அதுவும் சரிந்து நின்றதும் சிமென்ட்டாக இறுகிவிட்ட பனி. மொத்த நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. பிளாஸ்டிக் மண்வெட்டியோடு 500 டாலர் பீக்கன் வாங்குபவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்.

சந்தையில் உள்ள கருவிகளில் மூன்று வெவ்வேறு சிந்தனைகளைப் பார்க்கலாம். பேக்கன்ட்ரி ஆக்சஸின் டிராக்கர் 4 பிடிவாதமான எளிமை. மேலே வளைவாக ஐந்து சிவப்பு விளக்குகள், கீழே பெரிய சிவப்பு எண். மெனு என்று பார்க்க எதுவும் இல்லை. துருவமாக்கிய கறுப்புக் கண்ணாடி அணிந்து பார்த்தால் எல்சிடி திரைகள் சில கோணங்களில் கறுத்துப்போகும், இந்த விளக்குகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் குறை, பலர் புதைந்த நிலையில் தெரியும். கண்டுபிடித்தவரின் சிக்னலைச் சிறிது நேரம் அடக்கிவைத்து அடுத்தவரைத் தேடும் வசதி இருந்தாலும், அது ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

சுவிஸ் நிறுவனமான மமூட்டின் பேரிவாக்ஸ் எஸ் எதிர்முனை. 2017இல் வந்த இந்தக் கருவிக்குத் தேடல் பட்டை 70 மீட்டர் என்று நிறுவனம் தருகிறது. புதைந்தவர்களைத் திரையில் பட்டியலாகக் காட்டி, ஒவ்வொருவராக 'கண்டாயிற்று' என்று குறித்துக்கொண்டு போகலாம். தேவைப்பட்டால் பழைய முறையில் ஒலியைக் கேட்டும் தேடலாம். இருவரின் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கணிப்பி குழம்பும்போது, பழகிய வழிகாட்டிக்கு அந்த ஒலியே கைகொடுக்கும். ஆனால் இந்த வசதிகளெல்லாம் பழகியவருக்குத்தான். ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போய்வருபவருக்கு இது அளவுக்கு மிஞ்சியது.

ஜெர்மனியின் ஆர்டோவாக்ஸ் டைராக்ட் வாய்ஸ் வாய்விட்டுப் பேசுகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது நிதானிக்க வேண்டும், எப்போது பனிக்குத் தாழ்த்த வேண்டும் என்று குரலில் சொல்லிக்கொண்டே வரும். விளையாட்டுப் பொருள்போலத் தோன்றினாலும், மேலே சொன்ன மூன்று மீட்டர் கட்டத்தில் புதியவரை மண்டியிட வைப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மற்ற இரண்டும் ஏஏஏ பேட்டரி மூன்றில் ஓட, இதில் உள்ளேயே பொருத்திய லித்தியம்-அயன் பேட்டரி. மலைக்குடிலில் சார்ஜ் செய்ய வழியில்லை என்றால், புது பேட்டரி மாற்றிக்கொண்டு கிளம்பவும் முடியாது. நீண்ட பயணத்துக்கு இது பெரிய குறைதான்.

எந்தக் கருவியானாலும் சுவிட்சைக் கையுறையோடு இயக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். எளிதாகத் தேடும் நிலைக்கு மாற வேண்டும், ஆனால் விழுந்து புரளும்போது தானாக மாறக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையே வடிவமைப்பாளர்கள் திண்டாடுகிறார்கள். ஆஸ்திரியாவின் பீப்ஸ் நிறுவனம் டிஎஸ்பி வரிசைக் கருவிகள் சிலவற்றில் சுவிட்ச் அனுப்பும் நிலையிலிருந்து நகர்ந்துவிடக்கூடும் என்ற புகாரால் 2021இல் அவற்றைத் திரும்ப அழைத்து, சுவிட்சைக் காக்கும் கடினமான உறையைக் கொடுத்தது. அனுப்பாத பீக்கன் மார்பில் தொங்கும் வெறும் பிளாஸ்டிக்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சரிவு வந்து தேடுபவரை மூடிவிட்டால், அவரது கருவி அனுப்பாத நிலையில் புதையும். இதற்காகப் பல கருவிகளில், சிறிது நேரம் அசைவில்லை என்றால் தானாக அனுப்பும் நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. சிலவற்றில் அதை வாங்கியவர்தான் இயக்கிவைக்க வேண்டும். கையேட்டில் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் இதுவே.

செல்போன் யுகத்தில் பீக்கனுக்கு வந்த புதிய எதிரி மின்னணு இரைச்சல். போன், கைக்கடிகாரம், தலையில் மாட்டும் கேமரா, பேட்டரியால் சூடாகும் கையுறை, வாக்கி-டாக்கி எல்லாமே அந்த மெல்லிய காந்தப்புலத்தைக் கலைக்கும். கருவி அனுப்பும்போது இவற்றிலிருந்து 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி என்பது வழக்கில் உள்ள விதி. சூடாகும் கையுறையைப் போட்டுக்கொண்டு அந்தக் கையிலேயே பீக்கனைப் பிடித்துத் தேடுவது, இல்லாத திசைகளில் எல்லாம் அம்பைத் திருப்பும்.

காணாமல் போனவரைத் தேடும் வேறு மின்னணுச் சாதனங்களோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தனிநபர் அவசர பீக்கன், காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக அரசு மீட்பு மையத்துக்குத் தகவல் அனுப்பும். கால் முறிந்து பள்ளத்தாக்கில் கிடப்பவருக்கு அது உயிர்காக்கும். ஆனால் பனிக்கு அடியில் அசைய முடியாமல் கிடப்பவரால் பொத்தானை அழுத்த முடியாது. ஸ்வீடனில் பிறந்த ரெக்கோ முறையில், ஆடையில் தைத்த ஒரு சிறு தகடு மீட்புக் குழுவின் ரேடார் அலையைப் பிரதிபலிக்கும். பேட்டரி தேவையில்லை, ஆனால் தேடும் கருவி மீட்புக் குழுவிடம்தான் இருக்கும், துணைவர்களிடம் இருக்காது. இவை இரண்டும் இருந்தால் நல்லது. பனிச்சரிவு பீக்கனுக்கு மாற்றாக இரண்டில் ஒன்றையும் கொள்ள முடியாது.

கருவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்குத் தமிழ் வாசகர்கள் அறிந்த ஒரு நிகழ்வே சான்று. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றின் சோனம் காவல்நிலையின் மேல் பெரும் பனித்திரள் இடிந்து விழுந்ததில் 19ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாட்களுக்குப் பின், சுமார் 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார், பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அத்தனை ஆழத்தில் இரண்டரை மூன்று மீட்டர் கோல் எட்டாது. அதைவிட முக்கியமானது, காவல்நிலையில் இருந்த எல்லோருமே புதைந்துவிட்டால் தேட அங்கே துணைவர் என்று யாரும் மிச்சமில்லை. பீக்கன் முறை முழுவதுமே ஒருவராவது வெளியே நிற்கிறார் என்ற கணக்கில் கட்டப்பட்டது. ஆபத்தான சரிவை ஒருவர் கடந்து முடித்த பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும் என்று குல்மார்க்கிலும் ஆல்ப்ஸிலும் வழிகாட்டிகள் கண்டிப்பாக நிற்பது அதனால்தான்.

இரண்டு மூன்று பேராக, நல்ல நாள் பார்த்து மலைக்குப் போகிறவர்களுக்கு டிராக்கர் 4 போன்ற எளிய கருவி போதும், மிச்சப்படும் பணத்தில் நல்ல உலோக மண்வெட்டியும் ஒரு நாள் பயிற்சி வகுப்பும் வாங்கலாம். குழுவை வழிநடத்துபவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் பேரிவாக்ஸ் எஸ் தரத்தில் ஒன்று வேண்டும். டைராக்ட் வாய்ஸ், தினமும் மாலையில் மின்சாரம் உள்ள இடத்துக்குத் திரும்புகிற புதியவருக்குப் பொருந்தும். பருவம் முடிந்ததும் ஏஏஏ பேட்டரிகளைக் கழற்றிவைக்க வேண்டும், கசிந்த பேட்டரி முனைகளை அரித்துவிடும். ஒவ்வொரு முறையும் பீக்கனைக் கட்டிய பிறகு, கிளம்பும் இடத்திலேயே ஒவ்வொருவரும் அனுப்புகிறாரா, பிறர் அனுப்புவதைப் பெறுகிறாரா என்று தலைவர் ஒருவர் சோதித்து அனுப்ப வேண்டும். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஒற்றை ஆன்டெனா பீக்கனை, புதிதாக வரும் நண்பருக்கு இரவல் கொடுக்கும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. பழைய கருவிகளின் அதிர்வெண் காலப்போக்கில் விலகியிருக்கலாம், புதிய கருவிகளுக்கு அவை சரியாகக் கேட்காமல் போகலாம். அவற்றை மின்னணுக் கழிவில் சேர்த்துவிட்டு, நண்பருக்கு வாடகைக்கு ஒரு புதிய கருவி எடுத்துக் கொடுங்கள்.